பாக்கி (கடிதம்)

அன்புள்ள சார்,

நான் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன். வயது 39. போன வருஷம் எடை குறைக்க, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். 128 கிலோ இருந்தவன் இப்போது 93. முதல் பத்து மாதம் கொண்டாட்டமாக இருந்தது. காலை ஐந்தரைக்கே பீச்சுக்குப் போய் காந்தி சிலைக்கும் டூப்ளே சிலைக்கும் நடுவே நாலு நடை நடப்பேன். இப்போது மூன்று மாதமாக எடை மெஷினில் முள் அசையவில்லை. நடையும் நின்றுவிட்டது. அலாரம் அடித்தால் அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். ஆபீசில் 'கத்தி வைத்துக் குறைத்ததுதானே, ஷார்ட்கட்' என்கிறார்கள். கல்யாணத்துக்குப் போனால் 'என்ன, சுகரா?' என்று விசாரிக்கிறார்கள். முடி வேறு கொட்டியது. உடம்பு நன்றாக இருப்பதால் சத்து மாத்திரைகளை நிறுத்திவிட்டேன். சாப்பாட்டில் பெரிய ஆசை இல்லை, சனிக்கிழமை நண்பர்களோடு இரண்டு பெக் மட்டும். எந்தப் புரோட்டீன் பவுடர் வாங்கலாம்? பழைய ஊக்கம் திரும்பி வர என்ன செய்ய வேண்டும்? பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று கடலூரில் அக்கா வீட்டில் பரண் ஒழித்துக்கொண்டிருந்தோம். அப்பாவின் பற்று நோட்டு ஒன்று கிடைத்தது. அதைத்தான் எழுதப்போகிறேன். உங்களுக்கான பதில் நடுவில் எங்காவது வந்துவிடும்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பவுடர் எது என்று உங்கள் டயட்டீஷியனைக் கேளுங்கள், கதை எழுதுகிறவனைக் கேட்காதீர்கள். எடை வேகமாக இறங்கினால் மூன்றாம் மாதம் வாக்கில் முடி கொட்டும், பெரும்பாலும் தானாக முளைத்துவிடும். வயிற்றில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துக்கொண்டு வந்தவனிடம் ஷார்ட்கட் என்று பேசுகிற ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.

மாத்திரையை நிறுத்தினீர்களே, அதற்குத்தான் உங்களைத் திட்ட வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறதாம்! பி12 சத்தை உணவிலிருந்து பிரித்தெடுக்க வயிற்றில் சுரக்கும் அமிலமும் வேறொரு பொருளும் வேண்டும். உங்களுக்கு இப்போது இருப்பது வாழைக்காய் அளவு வயிறு. ஈரலில் பழைய கையிருப்பு இருப்பதால் வருஷக்கணக்கில் ஒன்றும் தெரியாது. கையிருப்பு தீர்ந்தபிறகு பாதம் மரத்துப்போகும், நடை தள்ளாடும். நரம்பு கெட்டுவிட்டால் முழுக்கத் திரும்பி வரும் என்று எந்த டாக்டரும் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார். ஆபரேஷனுக்கு முன்னாலேயே 'மாத்திரை ஆயுசுக்கும்' என்று சொல்லியிருப்பார்கள். தலையாட்டியிருப்பீர்கள்.

அந்த இரண்டு பெக். 'மட்டும்' என்று போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அந்தச் சொல்லைக் கண்டால்தான் எனக்குப் பயம். சின்ன வயிற்றில் சரக்கு தங்குவதில்லை. நேராகக் குடலுக்கு இறங்கி, சட்டென்று ரத்தத்தில் ஏறுகிறது. உங்கள் இரண்டு பழைய கணக்கில் இரண்டு இல்லை. 2012இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு, எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களிடம், முக்கியமாக இரைப்பை பைபாஸ் (இதயத்துக்குச் செய்வது இல்லை, இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு இணைப்பது) செய்தவர்களிடம், இரண்டாம் வருஷத்தில் குடிப் பிரச்சினை கூடுவதைக் காட்டியது. உங்களுக்கு நடப்பது இரண்டாம் வருஷம். இருப்பதோ தெருவுக்கு நாலு மதுக்கடை உள்ள ஊர். சாப்பாட்டில் கிடைத்துக்கொண்டிருந்த சந்தோஷம் இப்போது போக இடமில்லாமல் நிற்கிறது, அது சனிக்கிழமையோடு நின்றுகொள்ளும் என்று நீங்கள் நம்புகிறீர்கள்.

சரி, ஊக்கம். முதல் பத்து மாதம் உங்களிடம் இருந்தது ஊக்கம் இல்லை. பசி இல்லை, அவ்வளவுதான். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பை ஜப்பான்காரர்கள் 1999இல் கண்டுபிடித்தார்கள். அது அதிகம் சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில். ஸ்லீவில் வெட்டி எடுப்பது அந்தப் பகுதியைத்தான். பசியும் அடங்கி, தினம் முள்ளும் இறங்கினால் யார்தான் ஐந்தரைக்கு எழுந்திருக்கமாட்டார்கள்? ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் முள் நிற்கும். பிறகு இரண்டு மூன்று கிலோ ஏறுவதும் உண்டு. பசியும் மெல்லத் தலைகாட்டும். இதெல்லாம் வழக்கம்தான், நீங்கள் தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை.

அப்பா திருப்பாப்புலியூரில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் மெஸ் வைத்திருந்தார். நாலு மேஜை. மாதச் சாப்பாட்டுக்காரர்களுக்கு நோட்டில் ஆளுக்கொரு பக்கம். வள்ளலார் பக்தர். தைப்பூசத்துக்கு வடலூருக்கு நடந்தே போவார். எல்லாரும் ஜோதி பார்க்கப் போவார்கள், அவர் தருமசாலை அடுப்பைப் பார்க்கப் போவார். 1867இல் வள்ளலார் ஏற்றிவைத்தது, இன்றுவரை அணையவில்லை. "ராத்திரியில யாருப்பா தூங்காமப் பாத்துக்குறாங்க?" என்று சின்ன வயதில் கேட்டேன். "தூங்குவாங்கடா. முறை வச்சுப் பாத்துக்குவாங்க" என்றார்.

2013இல் அக்காவுக்கு சென்னையில் அந்த இரைப்பை பைபாஸ் செய்தார்கள். 117 கிலோ, கூடவே சர்க்கரை. வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளை நீட்டினாள். ஒரு நாளைக்குப் புரதம் 60 கிராமாவது வேண்டும். அப்பாவுக்குப் புரதம் புரியவில்லை. "ஒரு இட்லியில எவ்வளவு இருக்கும்?" என்றார். இரண்டு கிராம் என்றேன். "அப்ப முப்பது இட்லியா? இவளுக்கு ஒண்ணே எறங்கல." நாற்பது வருஷம் இட்லி விற்ற மனிதர் அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. சாப்பிடும்போதும் சாப்பிட்ட அரைமணி நேரத்துக்கும் தண்ணீர் கூடாது என்பதும் அவருக்கு ஆகவில்லை. இலை போட்டதும் தண்ணீர் வைப்பதுதானே மெஸ்ஸில் முதல் பாடம்.

அந்தப் பொங்கலுக்கு அக்கா மூன்று ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு இலையை மடித்தாள். 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்காமல் யாரையும் இலை மடிக்க விடாதவர், கரண்டியோடு அப்படியே நின்றார். நம் ஊரில் பாசம் கரண்டியில்தான் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்வது சோற்றை இல்லை, ஆளையே வேண்டாம் என்பது மாதிரி. உங்களைச் சுகரா என்று கேட்கிறவர்களும் ஒரு கரண்டி வைக்க முடியாத ஆத்திரத்தில்தான் கேட்கிறார்கள், போகட்டும்.

முட்டையில் ஆறு கிராம் என்று டயட்டீஷியன் எழுதியிருந்தார். எங்கள் வீட்டுக்குள் முட்டை வந்ததே இல்லை. அப்பா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் கொல்லையில் பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஒரு அலுமினியக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, இரண்டு முட்டையை அவரே போட்டார். எவ்வளவு நேரம் வேகவேண்டும் என்றுகூடத் தெரியாது. சூடு ஆறுவதற்குள் உரித்து விரலைச் சுட்டுக்கொண்டார். அம்மா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "வள்ளலாருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார்.

அன்று ராத்திரி பற்று நோட்டில் அக்கா பெயரில் ஒரு பக்கம் போட்டார். முட்டை, சுண்டல், மோர், மாத்திரை, நடை என்று கட்டம். கடைசிக் கட்டம் பாக்கி.

பதினைந்தாம் மாதம் அக்கா 78இல் நின்றாள். பிறகு 81. தேவனாம்பட்டினம் வரைக்கும் போய்க்கொண்டிருந்த நடையை விட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அப்பா தேற்றவில்லை. உன்னால் முடியும் என்றெல்லாம் சொல்லத் தெரிந்தவரும் இல்லை. பன்னிரண்டாம் நாள் நோட்டைக் கொண்டுபோய் அவள் முன்னால் பிரித்துவைத்தார். "நடை பதினொண்ணு பாக்கி நிக்குதும்மா." மாத முதல் வாரத்தில் மெஸ் பையன்களிடம் கேட்கிற அதே குரல். அக்கா கத்தினாள், நான் என்ன உங்களுக்குக் கடன்காரியா என்றாள். "ஆமா" என்றார். சாயங்காலம் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே சில்வர் பீச்சுக்குப் போனார்கள், சண்டை போட்டுக்கொண்டே திரும்பினார்கள். வந்து கைகால் கழுவியதும் பதினொன்றை அடித்துப் பத்து என்று எழுதினார்.

இப்போது பரணில் கிடைத்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டினேன். எடை என்று ஒரு கட்டம் எங்கேயும் இல்லை. ஆறு வருஷக் கணக்கில் அவளுடைய கிலோ ஒரு இடத்தில்கூட எழுதப்படவில்லை. நீங்கள் தினமும் ஏறி நிற்கிறீர்களே, அந்த மெஷினைத் தூக்கி அலமாரிக்கு மேலே வையுங்கள். மாதம் ஒருநாள் போதும். முட்டை தின்றேனா, மாத்திரை போட்டேனா, நடந்தேனா, இவை உங்கள் கையில் இருப்பவை. முள் உங்கள் கையில் இல்லை. விட்டுப்போனதற்காக அழுதுகொண்டு உட்காராதீர்கள், பாக்கி எழுதி மறுநாளுக்குத் தள்ளுங்கள். ஊக்கம் வந்தால் வரட்டும், வந்த அன்று நாலு நடைக்குப் பதில் ஐந்து நடங்கள்.

அப்பா 2019 ஐப்பசியில் போனார். அவர் கையெழுத்தில் கடைசி வரி, முட்டை 2, மோர் 1, மாத்திரைக் கட்டம் காலி, பாக்கி 1. அடுத்த பக்கத்திலிருந்து அக்காவின் கையெழுத்து. இப்போது நாலாவது நோட்டு ஓடுகிறது. அந்த ஒரு மாத்திரைப் பாக்கியை மட்டும் அவள் அடிக்கவே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நோட்டைப் பரணிலேயே வைக்கச் சொன்னாள்.

இந்த வாரமே டாக்டரைப் பார்த்து மாத்திரையைத் தொடங்குங்கள். பி12 ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டு, முடிவு வந்ததும் எழுதுங்கள். சனிக்கிழமையைப் பற்றி நாலு வரி உண்மையாக எழுதுங்கள். எத்தனை கிலோ என்று எழுத வேண்டாம்.

அன்புடன்.