உபுண்டு லேப்டாப்பில் மட்டும் வைஃபை விட்டுவிட்டு வருகிறது, ரௌட்டரை மாற்றலாமா?

சிங்கப்பூரில் பொங்கோல் பகுதியில் வீவக வீடு (அரசு அடுக்குமாடி வீடு), ஹாலில் ரௌட்டர், படுக்கையறையில் உபுண்டு லேப்டாப் மட்டும் அடிக்கடி அறுந்துபோகிறது, அதே இடத்தில் கைபேசி நன்றாக ஓடுகிறது என்கிறீர்கள். ரௌட்டர் இருக்கட்டும். அறுப்பது யார் என்று முதலில் பாருங்கள்.

லினக்ஸில் இதற்கு ஊகம் தேவையில்லை. அறுந்த கையோடு டெர்மினலில் சூடோ போட்டு டிமெசேஜ் (sudo dmesg) கொடுங்கள். கடைசி வரிகளில் ‘பை லோக்கல் சாய்ஸ்’ என்று இருந்தால் லேப்டாப்பே விலகியிருக்கிறது. ‘கனெக்‌ஷன் டு ஏபி’ (ஏபி என்பது ரௌட்டர்தான்) என்று தொடங்கி ‘லாஸ்ட்’ என்று முடிந்தால் ரௌட்டரிடமிருந்து பதில் வராமல் போயிருக்கிறது. வெறும் ‘டீஆதென்டிகேட்டட்’, பக்கத்தில் ஒரு காரண எண் என்றால் ரௌட்டர் வெளியே தள்ளியிருக்கிறது. எதுவுமே இல்லை, ஆனால் பக்கம் திறக்கவில்லையா? ரௌட்டருக்கு பிங் (பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று காட்டும் கட்டளை) அடியுங்கள். அது சீராக வந்தால் வைஃபையைக் குறை சொல்ல முடியாது. டிஎன்எஸ்ஸையோ (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை) வெளி இணைப்பையோ பாருங்கள்.

பிங் வருகிறது, ஆனால் நேரம் 3 மில்லிசெகண்டிலிருந்து 200, 300 என்று தாவித் தாவி இறங்குகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் பவர் சேவிங் மேல்தான். பேட்டரியை மிச்சப்படுத்த வைஃபை கார்டு இடையிடையே தூங்கப் போகும். சில கார்டுகளுக்கு எழுந்திருக்கவே தெரியாது. இடிசி கோப்புறையில் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப்.டி (/etc/NetworkManager/conf.d). அங்கே பவர்சேவ் என்று பெயரில் வரும் கோப்பில் 3 என்று இருப்பதை 2 ஆக்கிவிட்டு நெட்வொர்க்மேனேஜரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். 2 என்றால் அணை, 3 என்றால் போடு. யார் வைத்த கணக்கோ!

ரௌட்டர் பதில் தராத கேஸ் என்றால் வீட்டைப் பார்க்க வேண்டும். புது வீவக வீடுகளில் பாம் ஷெல்டரின் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறை) சுவர் தடித்த கான்கிரீட், கதவு இரும்பு. ரௌட்டருக்கும் அறைக்கும் நடுவே அது நின்றால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தேறாது. 2.4க்கு மாறினால் அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் எல்லாம் அங்கேதான் முட்டிக்கொண்டிருக்கும். சேனலை 1, 6, 11இல் ஒன்றாக நிலையாக வையுங்கள். புளூடூத் ஹெட்செட்டும் அதே 2.4இல்தான் ஓடுகிறது, அதையும் கழற்றிப் பாருங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று நாட்டுக் குறியீடு. எந்தெந்தச் சேனலைப் பயன்படுத்தலாம் என்பதை லேப்டாப் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. டெர்மினலில் ஐடபிள்யூ ரெக் கெட் (iw reg get) என்று கொடுத்துப் பாருங்கள். அமெரிக்கா (US) என்று காட்டினால், ரௌட்டர் தானாக 12, 13ஆம் சேனலுக்குத் தாவும்போது அது லேப்டாப்பின் கண்ணிலேயே படாது. சிங்கப்பூரில் அந்தச் சேனல்களுக்கு அனுமதி உண்டு, கைபேசிக்கும் அது தெரியும். ரௌட்டரை 11க்குள் நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது.

உபுண்டுவை அழித்துவிட்டு மறுபடி போடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதே கார்டு, அதே டிரைவர், பிறகு என்ன மாறப்போகிறது?

எதற்கும் மசியவில்லை என்றால் சிம் லிம் ஸ்குவேரில் ஒரு யூஎஸ்பி அடாப்டர் வாங்கிவிடுங்கள். பெட்டியில் ‘லினக்ஸ் சப்போர்ட்’ என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம், உள்ளே என்ன சிப் என்று கேளுங்கள். மீடியாடெக் எம்டி7612யூ என்றால் டிரைவர் கெர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதி) இருக்கிறது, செருகினால் ஓடும். தனியாக டிரைவரை இறக்கி கம்பைல் செய்யச் சொல்லும் அடாப்டரைத் தொடாதீர்கள். அடுத்த கெர்னல் அப்டேட்டில் மறுபடி அதனோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.