திருடு போன நகைக்குக் குற்ற வழக்கிலேயே இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: 2024 ஆகஸ்டில் நள்ளிரவில் எங்கள் வீட்டுப் பூட்டை உடைத்து 14 பவுன் நகையையும் 80,000 ரூபாய் ரொக்கத்தையும் கொண்டுபோய்விட்டார்கள். பிடிபட்டவர் அடகு வைத்திருந்த 5 பவுனைப் போலீசார் மீட்டுக் கோர்ட்டில் ஒப்படைத்திருக்கிறார்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சாட்சி விசாரணை முடியும் நிலையில் இருக்கிறது. மீதி நஷ்டத்தை அந்த ஆளிடமிருந்து கோர்ட் வாங்கித் தருமா?
– வாசகி, மதுரை

பதில்: சட்டத்தில் அதற்கு வழி உண்டு. ஆனால் யாரும் கேட்காவிட்டால் பெரும்பாலும் தீர்ப்பு தண்டனையோடு நின்றுவிடும்.

முதலில் அந்த 5 பவுன். அதற்காகத் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை. பி.என்.எஸ்.எஸ். (குற்ற வழக்குகளை நடத்தும் முறையைச் சொல்லும் புதிய சட்டம்) 497-ஆம் பிரிவில் இடைக்காலப் பொறுப்பு, அதாவது வழக்கு முடியும்வரை நகையை உங்களிடம் ஒப்படைக்கும்படி, கேட்டு மனு போடுங்கள். பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளில் அதன் விவரப் பட்டியலும், படமும் தயாராக வேண்டும், அதிலிருந்து 30 நாளில் பொருளை என்ன செய்வது என்று உத்தரவு வர வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. பிணைப்பத்திரம் கேட்பார்கள். வழக்கு முடியும்வரை விற்கவோ உருக்கவோ கூடாது என்ற நிபந்தனையும் இருக்கும். அடகுக் கடைக்காரர் ஆட்சேபிக்கலாம். திருடனுக்கு இல்லாத உரிமையை அவன் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. தெரியாமல் வாங்கியவரின் நஷ்டத்துக்குச் சட்டம் வேறு வழி வைத்திருக்கிறது, அது உங்கள் கவலை இல்லை. நகை உருக்கப்பட்டுக் கட்டியாக வந்திருந்தால்தான் சிக்கல். பில்லோடு எடை ஒத்துப்போகாது. அப்போது எந்த வாக்குமூலத்தின் பேரில் எங்கிருந்து மீட்கப்பட்டது என்று போலீசார் சாட்சிகள் முன் எழுதிய மகஜர்தான் உங்களுக்குத் துணை.

இனி மீதி 9 பவுனும் ரொக்கமும். இழப்பீட்டுக்கு அதே பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 395-ஆம் பிரிவு. அதில் இரண்டு வாசல். ஒன்று, விதிக்கப்படும் அபராதத்திலிருந்து ஒரு பகுதியையோ முழுவதையுமோ உங்களுக்குத் தரச் சொல்வது. மற்றது 395(3): அபராதம் விதிக்காத தண்டனையில் தனியாக இழப்பீடு கட்டச் சொல்வது. இரண்டாவதற்கு உச்சவரம்பு இல்லை. முதலாவதற்கு உண்டு, ஏனென்றால் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் விதிக்கக்கூடிய அபராதமே 50,000 ரூபாய்தான். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தீர்ப்பில் வெறும் 1,000 ரூபாய் அபராதம் எழுதிவிட்டால்கூட 395(3) வாசல் அடைபட்டுவிடும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (சி.ஆர்.பி.சி.) 357-ஆம் பிரிவை வைத்து ஆர். விஜயன் எதிர் பேபி வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. உங்கள் வழக்கில் வரக்கூடிய பி.என்.எஸ். (குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் சட்டம்) 305 (வீட்டில் திருட்டு), 331(4) (இரவில் வீட்டை உடைத்து நுழைதல்) பிரிவுகள் சிறையோடு அபராதத்தையும் சொல்பவை. அதனால் அபராதம் விதிக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் ஒவ்வொரு குற்றத்துக்கும் தனித்தனியாகக் கணிசமான அபராதம் விதித்து, அதை உங்களுக்கே தர வேண்டும் என்று கேட்பதுதான் நடைமுறையில் பலிக்கும்.

மனுவை வாதம் முடியும் முன்பே கொடுத்துவிடுங்கள். குற்றவாளி என்று தீர்மானித்த அன்றே தண்டனையும் சொல்லிவிடுவது வழக்கம். அதன்பிறகு போனால் வண்டி போய்விட்டது என்று அர்த்தம். அரசு உதவி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். அனுமதி பெற்று உங்கள் வக்கீலே பி.என்.எஸ்.எஸ். 338(2)-இன் கீழ் எழுத்துபூர்வ வாதமும் தரலாம். மனுவில் மொத்தத் தொகை மட்டும் போதாது: நகை வாரியாக எடை, வாங்கிய பில், நகை அணிந்த கல்யாணப் படம், ரொக்கத்துக்கு வங்கிக் கணக்கு விவரம் வேண்டும். எஃப்.ஐ.ஆரில் 10 பவுன் என்று சொல்லிவிட்டு சாட்சிக் கூண்டில் 14 என்றால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். கூடுதலை விசாரணையின்போதே போலீசிடம் சொல்லியிருந்தால் அந்த வாக்குமூலத்தைக் காட்டுங்கள்.

எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, கட்டும் சக்தி உண்டா என்பதையும் கோர்ட் பார்க்கும். அவர் பெயரில் பட்டாவோ பைக்கோ இருந்தால் விவரத்தோடு சொல்லுங்கள். அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் (2013) உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு குற்ற வழக்கிலும் இழப்பீடு பற்றி யோசித்துக் காரணம் பதிவுசெய்வது கோர்ட்டின் கடமை என்றது. மனுவில் இதைக் குறிப்பிடுங்கள். மறுத்தால் ஏன் என்று எழுத வேண்டிவரும்.

உத்தரவு வந்தாலும் மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை பணம் கைக்கு வராது. "கட்டாததற்கு ஜெயிலில் இருந்துவிட்டேன், கணக்கு தீர்ந்தது" என்று எதிரி சொன்னால் நம்பாதீர்கள். இழப்பீட்டு உத்தரவு இருந்தால், அதன்பிறகும் பி.என்.எஸ்.எஸ். 461-ஆம் பிரிவில் சொத்தை ஜப்தி செய்யலாம், கலெக்டர் மூலம் நிலவரி பாக்கி போலவும் வசூலிக்கலாம். சொத்தே இல்லாதவரிடம் இது காகிதத்தோடு நின்றுவிடும் என்பதும் உண்மைதான்.

தொகை குறைவு என்று தோன்றினால் பி.என்.எஸ்.எஸ். 413-இன் கீழ் நீங்களே செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு செய்யலாம். 30 நாளுக்குள் போட்டுவிடுவது பாதுகாப்பு. தீர்ப்பின் நகல் கேட்கும் மனுவைத் தீர்ப்பு நாளிலேயே கொடுங்கள்.

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக அரசு தரும் இழப்பீடு பெரும்பாலும் உயிர், உடல் பாதிப்புகளுக்கானது. வெறும் திருட்டுக்கு அதை நம்பி இருக்காதீர்கள். சிவில் வழக்கு வேறு. பொருள் யார் கையில் இருக்கிறது என்று முதலில் தெரிந்த நாளிலிருந்து மூன்றே ஆண்டுதான் கெடு, குற்ற வழக்கு நடக்கிறது என்பதற்காக அது நிற்காது. அடகுக் கடை விவரம் உங்களுக்குத் தெரியவந்த தேதியை இன்றே குறித்துவையுங்கள்.