குழிக்குள் எட்டிப் பாருங்கள்

கேள்வி: சுற்றுச்சூழல், பசுமை வாழ்க்கை என்று எழுதுகிறவர்கள் ஊருக்கு ஊர் பெருகிவிட்டார்கள். இவர்களுடைய எழுத்து மக்களிடம் விழிப்புணர்வை ஏற்படுத்துகிறதா? இவர்களில் யாரைப் படிக்கலாம்?
– ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்: விழிப்புணர்வுக்கு இங்கே எப்போதுமே பஞ்சம் இருந்ததில்லை, அம்மா. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி அவசரச் சட்டம் வந்தது. கட்டாத வீட்டுக்குக் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்றார்கள். அந்த வருடம் தமிழ்நாட்டில் அதைப் பற்றிக் கேள்விப்படாதவர் இல்லை; தெருத்தெருவாகக் குழி வெட்டினார்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வற்றி, சென்னை லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றபோதும் அந்த விழிப்புணர்வு குறையவே இல்லை. குழிகள்தான் தூர்ந்துபோயிருந்தன.

இதைப் பற்றி எழுதுகிறவர்களிடம் எனக்குள்ள வழக்கு இதுதான். குழி வெட்டுங்கள் என்று ஆயிரம் பேர் எழுதினார்கள். வெட்டிய குழியை என்ன செய்வது என்று எழுதியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் மொட்டைமாடி 1000 சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் ஆண்டுக்குச் சராசரி 1400 மி.மீ. மழை. ஆவியானது, தெறித்தது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் நிற்கும். அடுத்த கணக்கைத்தான் யாரும் போடுவதில்லை. ஐப்பசியில் ஒரே மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டினால் அதே ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தும் அந்த மாடியிலிருந்து சுமார் 3700 லிட்டர் இறங்கும். கொத்தனார் வெட்டித்தருகிற 3 அடிக்கு 3 அடி, 5 அடி ஆழக் குழியின் கொள்ளளவு 1270 லிட்டர். அதில் ஜல்லியை நிரப்பிவிட்டால் கல்லிடுக்கில் தண்ணீருக்கு மிஞ்சும் இடம் 500 லிட்டர்தான். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடற்கரை மணலில் இது போதும். வர வர மண் குடித்துவிடும். களிமண்ணில் பத்து நிமிடத்தில் நிரம்பி மிச்சமெல்லாம் தெருவுக்கு ஓடும். அங்கே களியைத் தாண்டி மணல் வரும்வரை இறக்கிய, பக்கங்களில் துளையுள்ள உறைக்கிணறு வேண்டும். உங்கள் குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் கீழே பாறை. அங்கே பழைய திறந்த கிணறு உள்ள வீட்டார் பாக்கியசாலிகள். மாடிக் குழாயை வடிகட்டித் தொட்டி வழியாக அதற்கே திருப்பிவிடலாம். பயன்படவில்லை என்று கிணற்றைக் கட்டட இடிபாட்டால் மூடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கிணற்றில் விடுவதற்கு முன் முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும். மாடியில் கிடக்கும் புறா எச்சம், தூசி எல்லாம் அதில்தான் வரும். முதல் 2 மி.மீ., இந்த மாடிக்கு சுமார் 200 லிட்டர். அதற்குக் குழாயில் ஒரு திறப்பு வைத்தால் போதும். மாடியின் வாய்க்கு வலை போடுங்கள். ஒரு வேப்பமரம் உதிர்க்கிற சருகு குழாயை அடைக்கப் போதுமானது. குழியில் ஜல்லிக்கு மேல் ஒரு அடி ஆற்றுமணல் இருந்தால், வண்டல் அந்த மணலின் மேல்பகுதியில்தான் படியும். செப்டம்பரில் மேலே நான்கு அங்குல மணலை எடுத்து, அலசிக் காயவைத்து, திரும்பப் போட வேண்டும். இரண்டு ஆள், அரை நாள் வேலை. இதைச் செய்யாமல் விட்டால் நாலைந்து மழைக்காலத்தில் மேலே வண்டல் இறுகிப்போய், தண்ணீர் தேங்கத் தொடங்கும். மழை விட்டு இரண்டு நாளுக்குப் பிறகும் நீர் நின்றால் குழி செத்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த வாரம் அதில் கொசு வளரும். கழிவுநீர்க் குழாய் எதையும் இதன் பக்கத்தில்கூட விடாதீர்கள்.

இன்னொரு பழைய சண்டையும் இருக்கிறது: பயோ என்சைம், அதாவது பழத்தோலைப் புளிக்கவைத்துச் செய்கிற துப்புரவு நீர். வெல்லம் 1 பங்கு, பழத்தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு, மூன்று மாதம். செய்முறையில் குற்றமில்லை. முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியே விட வேண்டும், கண்ணாடிப் புட்டி கூடாது, கால்பங்கு காலி இடம் வேண்டும். தண்ணீர் கலந்து தரை துடைக்கலாம், அடுப்படித் தொட்டி கழுவலாம். பளிங்குக் கல்லில் படக் கூடாது, பளபளப்பு போய்விடும். இதையே பீப்பாய் பீப்பாயாக ஏரியில் ஊற்றிச் சுத்தம் செய்யச் சொல்லி எழுதுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அது புளித்த அமிலம்; பி.எச். 4-க்கும் கீழே. அதிலுள்ள அமிலமும் மிச்சச் சர்க்கரையும் ஏரிக்குள் போனதும் நுண்ணுயிர்களுக்குத் தீனி. அவை பெருகித் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். சாக்கடை கலந்து ஏற்கெனவே திணறும் ஏரியில் மீன் செத்து மிதக்க இதுவும் ஒரு காரணமாகும். ஏரி நாறுவது அதற்குள் இறங்குகிற சாக்கடையால். அந்தச் சாக்கடை எந்தத் தெருவிலிருந்து, எந்த மதகு வழியாக வருகிறது என்று நடந்து பார்த்து எழுத ஒருவர் கிடைத்தால் அந்த ஊருக்கு நல்ல காலம்.

யாரைப் படிக்கலாம் என்று கேட்டீர்கள். இயற்கையியல் எழுத்தாளர் மா. கிருஷ்ணனைப் படியுங்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950-இலிருந்து 1996-இல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் ஆங்கிலத்தில் பத்தி எழுதினார், தமிழிலும் எழுதியிருக்கிறார். யானையையும் காட்டையும் எழுதிய அதே கையால் மயிலாப்பூர்க் காக்கையையும் தெருவில் திரியும் எருமையையும் எழுதினார். கண்ணெதிரே இருக்கும் உயிரை உற்றுப் பார்க்கிற பொறுமை அவருக்கு இருந்தது. அயல்நாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுவதை அன்றைக்கே எதிர்த்தார். இன்று மரக்கன்று நடுகிறவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இனத்தின் பெயரைக்கூடக் குறிப்பிடுவதில்லை. எத்தனை ஆயிரம் கன்று என்று மட்டும் எழுதுகிறார்கள். இரண்டாவது கோடையில் யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்பதும் அதில் இருக்காது.

உங்களுக்கு எழுத வரும் என்று கேள்வியிலேயே தெரிகிறது. வருகிற செப்டம்பரில் உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் குழி இருக்கிறது, எத்தனை திறக்கிறது, மணல் என்ன நிறத்தில் இருக்கிறது, எத்தனை கிணறு மூடப்பட்டிருக்கிறது என்று கேட்டுப் பார்த்து எழுதி அனுப்புங்கள். இந்தப் பக்கத்தை முழுசாக ஒதுக்கித் தருகிறேன்.