ஸ்டார் கட்டும்போதெல்லாம் கை நடுங்குகிறது

அன்புள்ள மேடம்,

எனக்கு 34 வயது. தாம்பரத்தில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஒரே மகன். வரும் டிசம்பர் 20-ஆம் தேதி அவனுக்கு ஆறு வயது முடிகிறது. கண்ணாடி போட்டிருக்கிறான், மற்றபடி நன்றாக இருக்கிறான். ஒரு இடத்தில் நிற்க மாட்டான், அப்படி ஓட்டம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் யாரிடம் வாயைத் திறந்தாலும் "அதான் பிள்ளை நல்லா இருக்கான்லா, பின்ன என்ன?" என்றுதான் கேட்கிறார்கள்.

மாமனார் வீடு நாசரேத் பக்கம் ஒரு கிராமம். 2019-இல் கிறிஸ்மஸுக்கு முன்கூட்டியே லீவு போட்டுப் போய்விட்டேன். ஏழாம் மாதம். 18-ஆம் தேதி சாயங்காலம் வராந்தாவில் ஸ்டார் கட்ட நாற்காலியில் ஏறினேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். பல்பை உள்ளே விட்டு, ஒயரைச் சுற்றி, கொக்கியில் மாட்டினேன். ஐந்து நிமிட வேலை. மறுநாள் ராத்திரி பனிக்குடம் உடைந்துவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனைக்கு ஓடினோம். 20-ஆம் தேதி காலையில் ஆபரேஷன். 29 வாரம், 1 கிலோ 150 கிராம். முகத்தைக்கூடச் சரியாகக் காட்டாமல் கொண்டுபோய்விட்டார்கள். மூன்றாம் நாள்தான் சக்கர நாற்காலியில் என்னை அங்கே கூட்டிப்போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கிலும் வாயிலும் டியூப். என் கட்டைவிரல் தடிமன்தான் அவன் கை.

24-ஆம் தேதி ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் கேரல் வந்தது. கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்டவர் ஒவ்வொரு கட்டிலாக வந்து, என் கையில் ஒரு டாஃபியை வைத்துவிட்டு, "பேபி எங்கம்மா?" என்று சத்தமாகக் கேட்டார். என் கட்டிலுக்குப் பக்கத்தில் தொட்டில் இல்லை.

26-ஆம் தேதி காலையில் சூரிய கிரகணம். உங்களுக்கு நினைவிருக்கும். வார்டு ஜன்னலில் எல்லாம் பெட்ஷீட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில் பாட்டி, "பச்ச உடம்புக்காரி வெளிய போவாத, பதினொன்றரைக்கு மேல போ" என்றார். நாங்கள் இதையெல்லாம் நம்புகிறவர்கள் இல்லை. ஆனாலும் பயந்து உட்கார்ந்துவிட்டேன். போய்ப் பார்த்தால், பத்து மணிக்குப் பிள்ளைக்கு மூச்சு நின்று, நர்ஸ் உள்ளங்காலைத் தட்டித் தட்டித் திரும்ப வரவழைத்தார் என்றார்கள். நான் அங்கே இல்லை.

53 நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். அதற்கு முன்பு வார்டில் பதினைந்தாம் நாள் அவனை நெஞ்சில் போட்டார்கள், சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆவதற்குள் கொரோனா. ஊரே கையில் சானிடைசரைத் தேய்க்க ஆரம்பித்தது. எங்கே போனாலும் அந்த வார்டின் வாசனை. ஞானஸ்நானமும் தள்ளிப்போனது.

இப்போதும் நவம்பர் கடைசியில் கடைகளில் ஸ்டார் தொங்க ஆரம்பித்தால் எனக்குத் தூக்கம் போய்விடும். மைக்ரோவேவ் 'பீப்' என்றால் திடுக்கிடுகிறேன். பையன் தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன், இந்த வயதிலும். ஸ்டார் கட்ட நாற்காலியைத் தொட்டாலே கை நடுங்கும். நாத்தனார் ஒருமுறை சிரித்துக்கொண்டே, "அன்னைக்கு நீ நாற்காலில ஏறாம இருந்திருக்கலாம்" என்றார். அவர் மறந்திருப்பார்.

இந்த வருடம் துபாயிலிருந்து கொழுந்தன் குடும்பம் வருகிறது. எல்லாரும் 18-ஆம் தேதியே ஊருக்கு வந்துவிட வேண்டும், 20 சனிக்கிழமை கேக் வெட்டி ஊருக்கே பிரியாணி, மறுநாள் ஞாயிறு ஆராதனையில் நான் எழுந்து, கடவுள் பிள்ளையைக் காப்பாற்றியதைச் சபை முன் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்பது அத்தையின் திட்டம். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை பொருத்தனை, அதாவது கடவுளிடம் நேர்ச்சை, பண்ணியிருக்கிறார்கள். "பிள்ளையப் பெத்தவ நீ சொன்னாத்தான் சபைக்கு விசுவாசம் வரும்" என்கிறார்கள். பையனுக்கு 23 வரை அரையாண்டுப் பரீட்சை என்றேன். "ஒண்ணாங்கிளாஸ் பரீட்சைதானே" என்று முடித்துவிட்டார்கள். கணவர் "ரெண்டு நிமிஷம் பேசிட்டு உக்காந்துரு" என்கிறார்.

போன வாரம் பையன், "நான் பொறந்தப்போ நீ ஏம்மா அழுத?" என்று கேட்டான். யாருடைய போனிலோ பழைய வீடியோ பார்த்திருக்கிறான். எனக்குப் பதில் வரவில்லை.

நான் நன்றி கெட்டவளா மேடம்?

— பெயர் வேண்டாம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த நாற்காலியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆறு வருடமாக அதன்மேல்தான் நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள்.

நான் மகப்பேறு மருத்துவர் இல்லை. ஆனால் மருத்துவர்கள் சொல்லித் தெளிவாகத் தெரிந்தது இது: பனிக்குடம் முன்கூட்டியே உடைவதற்குத் தொற்று, பனிநீர் மிக அதிகமாக இருப்பது, இரட்டைக் கரு, கருப்பை வாய் குட்டையாக இருப்பது, முன்பே ஒரு குறைப்பிரசவம் என்று காரணங்கள் உண்டு. பல பேருக்குக் காரணமே தெரியாமலும் உடையும். ஐந்து நிமிடம் நாற்காலியில் நின்று கையை உயர்த்தியது அந்தப் பட்டியலில் இல்லை. ஆபத்து இருக்கிறது என்று படுக்கையிலேயே வைத்திருந்த தாய்மாரை ஆராய்ந்தும், அதனால் குறைப்பிரசவம் தடுக்கப்பட்டதாகத் தெரியவரவில்லை. படுத்திருந்து தடுக்க முடியாததை, ஏறி நின்று வரவழைத்திருக்க முடியுமா? 2020-இல் மட்டும் உலகத்தில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரத்துக்கு முன் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அத்தனை தாய்மாரும் ஸ்டார் கட்டவில்லை. என் வார்த்தையோடு விட வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போய் "இதனால்தானா?" என்று நேராகக் கேளுங்கள். இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை வாய்விட்டு ஒரு மருத்துவரிடம் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நாத்தனாரின் பதில் மட்டும்தான் உங்களிடம் இருக்கிறது.

கிரகணமும் அப்படித்தான். 29 வாரத்தில் பிறந்த குழந்தையின் மூளையில் மூச்சை நடத்தும் பகுதி இன்னும் முதிர்ந்திருக்காது. அதனால் பெரும்பாலான பிள்ளைகள் அவ்வப்போது மூச்சுவிட மறந்துபோவார்கள். அதற்காகத்தான் அந்த மானிட்டர், அந்தப் பீப், உள்ளங்காலைத் தட்டும் நர்ஸ். காபியில் இருக்கும் அதே காஃபீனை மருந்தாகக் கொடுப்பதும் இதற்குத்தான். நீங்கள் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாலும் பத்து மணிக்கு அது நடந்திருக்கும். தட்டியிருக்க வேண்டியவரும் அந்த நர்ஸ்தான். நம்பாத ஒன்றுக்குப் பயந்து உட்கார்ந்தது குற்றமும் இல்லை. ஆறாம் நாள் தையலோடு இருந்த உடம்பு, ஒரு பாட்டி அதட்டினால் உட்காரத்தான் செய்யும்.

இதைப் படித்ததும் நடுக்கம் நின்றுவிடும் என்று நான் நினைக்கவில்லை. அறிவுக்குப் புரிந்தது உடம்புக்குப் போய்ச் சேர நாளாகும். பிள்ளையின் உயிர் ஊசலாடுவதைப் பார்த்த தாய்க்கு, விபத்திலிருந்து தப்பியவருக்கு வருவது போன்ற மன அதிர்ச்சி வரும். அந்த வார்டிலிருந்து வந்த எத்தனையோ பேருக்கு இது இருக்கிறது. அந்த நேரத்தில் சுற்றி இருந்ததையெல்லாம் உடம்பு ஆபத்தின் அடையாளமாகக் குறித்துவைத்துக்கொள்கிறது. மற்றவர்களுக்கு அது ஒரு சத்தமாகவோ இடமாகவோ இருக்கும், ஒதுங்கிப் போய்விடலாம். உங்களுக்கு ஒரு மாதமே வாய்த்திருக்கிறது. ஸ்டாரும் கேரலும் டிசம்பர் பனியும் ஊர் முழுக்கத் தொங்கும்போது எங்கே ஒதுங்குவது? அது போதாதென்று சானிடைசர் வேறு, இரண்டு வருடம் விடாமல் துரத்தியிருக்கிறது.

தூக்கமின்மை, திடுக்கிடல், மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பது எல்லாம் ஆறு வருடமாகத் தொடர்வதால், ஒரு மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ நேரில் பாருங்கள். அதிர்ச்சி நினைவுகளுக்கென்றே பேச்சு சிகிச்சைகள் இருக்கின்றன, பலன் தருகின்றன. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, அத்தை விஷயத்துக்கு வருவோம்.

அத்தை மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வராந்தாவில் நின்றவர்களில் அவரும் ஒருவர். பயந்த மனுஷி தனக்குத் தெரிந்த கதவைத் தட்டியிருக்கிறார். ஆனால் ஒன்று: பொருத்தனை பண்ணியது அவர். நிறைவேற்ற வேண்டியவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை அவரே எழுந்து சாட்சி சொல்லட்டும், அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். உங்கள் அனுபவத்தை அவருடைய காணிக்கைத் தட்டில் போட வேண்டியதில்லை. கிறிஸ்மஸ் கதையிலேயே இது இருக்கிறது. தொழுவத்தில் பிள்ளையைப் பார்த்துவிட்டு மேய்ப்பர்கள் ஊரெல்லாம் போய்ச் சொன்னார்கள். பெற்றவள் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே வைத்து யோசித்துக்கொண்டிருந்தாள் என்றுதான் லூக்கா எழுதியிருக்கிறார். அவளை யாரும் நன்றி கெட்டவள் என்று சொன்னதில்லை. அத்தைக்கு வேதம் நன்றாகத் தெரியும் என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். இதைச் சொன்னால் அவருக்குச் சட்டென்று பிடிபடலாம்.

சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். "அவளால முடியாதும்மா, அவளுக்கு இன்னும் ஆறல. நீங்க சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கேன்" என்று மகன் சொன்னால் அது வேறு, மருமகள் சொன்னால் வேறு. "ரெண்டு நிமிஷம் பேசிட்டு உக்காந்துரு" என்றவருக்கு இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடுங்கள், முக்கியமாக டாஃபி வரும் இடத்தை. அவருக்கும் அந்த 53 நாள் இருந்தது. அவரிடம் யாராவது கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

பரீட்சையைச் சாக்காகச் சொல்லித் தப்பிக்க வேண்டாம். இந்த வருடம் தப்பலாம், அடுத்த வருடமும் இதே திட்டம் வரும். (அத்தை சொன்னதிலும் நியாயம் உண்டு, ஒன்றாம் வகுப்புப் பரீட்சைதான்.) உண்மையைச் சொல்லிவிட்டு, பிறந்தநாளையும் பண்டிகையையும் பிரித்துவிடுங்கள். 20-ஆம் தேதி தாம்பரத்தில், நீங்கள் மூன்று பேர் மட்டும். அன்று அழுகை வந்தால் அழலாம், பிரியாணிப் பந்தியில் நின்று சிரிக்க வேண்டியதில்லை. பரீட்சை முடிந்து 23 சாயங்காலம் ரயில் ஏறினால் 24 காலையில் ஊரில் இருப்பீர்கள். டிக்கெட்தான் தொல்லை. செந்தூர் எக்ஸ்பிரஸில் அந்த வாரம் இடம் கிடைப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கணவர் இன்றைக்கே பார்க்கட்டும். கேக்கும் ஊர்ப் பந்தியும் 27-ஆம் தேதி வைத்துக்கொள்ளட்டும். துபாய்ப் பிள்ளைகளுக்கு என்றைக்கு வெட்டினாலும் கேக்தான். இந்த வருடம் ஸ்டாரை வேறு யாராவது கட்டட்டும். நீங்கள் கீழே நின்று சுவிட்சைப் போட்டால் போதும். அதுகூட முடியாவிட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம்.

பையனின் கேள்விக்கு வருகிறேன். ஆறு வயதுக்கு உண்மையே போதும், நீளம்தான் வேண்டாம். "நீ சீக்கிரமே வந்துட்ட. ரொம்பக் குட்டியா இருந்த. உன்னத் தூக்க முடியலயேன்னு அம்மா அழுதேன். அப்புறம் நீ வளர்ந்துட்ட." அவ்வளவுதான். மேலே கேட்டால் மேலே சொல்லுங்கள். தான் எதுவோ தப்பு செய்ததால்தான் அம்மா அழுதாள் என்று அவன் நினைத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி. அந்த வீடியோவை அடுத்த முறை அவன் உங்கள் மடியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

உங்கள் கடிதத்தில் ஒன்று என்னைக் கொஞ்சம் நிறுத்தியது. கிரகணத்துக்கு ஒரு பத்தி எழுதிய நீங்கள், பிள்ளையை நெஞ்சில் போட்ட நாளுக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். கங்காரு முறை என்று அதைச் சொல்வார்கள். 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் பற்றாக்குறையான ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. தாயின் வெறும் நெஞ்சு சூட்டைச் சரியாக வைக்கிறது, தொற்றைக் குறைக்கிறது, எடை கூட உதவுகிறது, குழந்தை இறப்பதையே குறைக்கிறது என்று பிறகு தெரியவந்தது. "நான் அங்கே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பதினைந்தாம் நாளுக்குப் பிறகு அந்த வார்டில் நடந்த சிகிச்சையில் நீங்களும் ஒரு பகுதி. ஒரு நோட்டை எடுத்து அந்த நாளை மட்டும் எழுதிப் பாருங்கள். யார் அவனைத் தூக்கி உங்களிடம் தந்தார்கள், அவன் தலை எங்கே படிந்தது, எவ்வளவு நேரம் இருந்தான். யாருக்கும் காட்ட வேண்டாம்.

இன்னொன்று. அந்த டாஃபி கையில் வைக்கப்பட்டது வரைக்கும் எழுதினீர்கள், அதை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் சொல்லுங்கள்.