பனி கொட்டுவதற்கு முன்: வீட்டைப் பற்றி வாசகர் கேட்டவை

ஒக்டோபர் பிறந்தால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஆனால் நான் போய்ப் பார்க்கும் வீடுகளில் ஃபர்னஸ் பெரும்பாலும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். கெடுப்பது தண்ணீர், ஈரம், காற்று. இந்த முறை ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருந்து வந்த கேள்விகளில் சில.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் வெளிக் குழாயை இறுக்கி மூடிவிட்டேன். அது போதாதா? (ஸ்காபரோ)

போதாது. வெளியே மூடினாலும் சுவருக்குள் ஓடும் பைப்பில் தண்ணீர் நிற்கும். உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். செப்புப் பைப் அதைத் தாங்காது. வெடித்தாலும் உடனே தெரியாது. வெடித்த இடத்தைப் பனிக்கட்டியே அடைத்துக்கொண்டிருக்கும். அது இளகும் நாளில்தான் பேஸ்மென்ட் சீலிங் ஊறித் தொங்கும்.

முதலில் ஹோஸைக் கழற்றுங்கள். பேஸ்மென்டில் அந்தக் குழாய்க்குப் போகும் பைப்பில் ஒரு வால்வ் இருக்கும், அதை மூடுங்கள். அப்புறம் வெளிக் குழாயைத் திறந்து விடுங்கள். இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்த வால்வின் பக்கத்தில் நாணயத்தைவிடச் சிறிதாக ஒரு மூடி இருக்கும். கீழே ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டு அதைத் தளர்த்துங்கள். காற்று உள்ளே போனதும், நடுவில் நின்ற தண்ணீர் 'குளுக்' என்று வடியும். வடிந்ததும் மூடியை இறுக்கிவிட்டு, வெளிக் குழாயைத் திறந்தபடியே விடுங்கள். உறையாத வகைக் குழாய் என்று விற்கப்படுவது உங்களிடம் இருந்தாலும் ஹோஸைக் கழற்றத்தான் வேண்டும். ஹோஸ் பூட்டியிருந்தால் குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் வடியாது.

புது யன்னல் போட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. குளிர் தொடங்கியதும் காலையில் கண்ணாடியில் தண்ணீர் வடிகிறது. எங்களை ஏமாற்றிவிட்டார்களா? (மார்க்கம்)

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் ஈரம் தெரிந்தால் யன்னல் பழுது. உத்தரவாதப் பத்திரத்தைத் தேடுங்கள். அறைப் பக்கம் வடிகிறது என்றால் யன்னலைக் குறை சொல்லாதீர்கள். பழைய யன்னலின் இடுக்கு வழியாக வெளியேறிய ஈரத்துக்கு இப்போது போக வழியில்லை.

நம் வீடுகளில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. காலையில் புட்டோ இடியப்பமோ அவிகிறது, மதியம் சோறு, இரவு ஆறேழு பேர் வரிசையாகக் குளிக்கிறார்கள், பேஸ்மென்டில் கொடி கட்டி உடுப்புக் காய்கிறது. முதல் வேலையாக ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி வையுங்கள், மலிவுதான். குளிர்காலத்தில் 30 முதல் 40 சதவீதம் போதும். வெளியே மைனஸ் 20 என்றால் 30ஐ ஒட்டி இருக்கட்டும். ஃபர்னஸில் ஈரமூட்டி பூட்டியிருந்தால் அதன் திருகைக் குறையுங்கள்.

அடுத்து, அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கி விசிறியைப் போட்டுவிட்டு வெளியே போய்ப் பாருங்கள். சுவரில் உள்ள தகட்டு மூடி திறக்கிறதா? அப்படி ஒரு மூடியையே காணவில்லை என்றால், உங்கள் விசிறி நீராவியை வடிகட்டி போன்ற ஒன்றின் வழியாக இழுத்து உங்கள் முகத்துக்கே திருப்பி ஊதுகிற வகையாக இருக்கலாம். அதைப் போட்டும் பயனில்லை. குளியலறை விசிறியைக் குளித்து முடிந்தபின்னும் இருபது நிமிடமாவது ஓட விடுங்கள். அது கூரை இடைவெளிக்குள் முடிகிறதா, கூரையைத் தாண்டி வெளியே போகிறதா என்றும் பார்க்க வேண்டும். உள்ளேயே முடிந்தால் அந்த ஈரம் கூரைப் பலகையின் அடியில் உறைபனியாகப் பிடித்து, பின்னர் இளகிச் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிட்ட சில வீடுகளில் கூரையில் ஒரு குறையும் இருக்கவில்லை.

புது வீடென்றால் பேஸ்மென்டில் காற்று மாற்றும் பெட்டி ஒன்று இருக்கக்கூடும். சத்தம் போடுகிறது என்று அதை அணைத்து வைப்பவர்கள் அதிகம். அதன் ஃபில்டரைக் கழுவிவிட்டு ஓட விடுங்கள். தடித்த திரைச்சீலையைக் காலையில் விலக்குங்கள். சூடான காற்று கண்ணாடியில் பட வேண்டும்.

தமிழ் பேசும் ஒரு தம்பி வாசலுக்கு வந்து, அரசாங்கத் திட்டம், ஃபர்னஸை இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்றார். நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தார். (பிரம்டன்)

நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும், கதவைச் சாத்துங்கள். நீங்கள் கூப்பிடாமல் வீட்டுக்கு வந்து ஃபர்னஸ், ஏசி, சுடுநீர்த் தாங்கி போன்றவற்றுக்கு ஒப்பந்தம் எழுதுவதை 2018 மார்ச் 1 முதல் ஒன்ராறியோ தடை செய்திருக்கிறது. முன்பு இப்படிக் கையெழுத்து வாங்கியவர்கள், அந்தக் கருவியின் மேல் தங்களுக்கு உரிமை இருக்கிறது என்று வீட்டு உறுதியிலேயே பதிவு போட்டுவிடுவார்கள். வீட்டை விற்கப் போகும்போதுதான் அது தெரியவரும். நுகர்வோர் பொருட்களுக்கு அப்படிப் பதிவதும் 2024இல் ஒழிக்கப்பட்டது.

ஃபர்னஸை வருடம் ஒருமுறை காட்டுவது நல்லது. ஆளை நீங்களே தேடிக் கூப்பிடுங்கள், காஸ் வேலைக்கான உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள். மற்றபடி உங்கள் கையில் இருப்பது ஃபில்டர் ஒன்றுதான். ஓர் அங்குல ஃபில்டர் என்றால் மாதம் ஒருமுறை பாருங்கள், மூன்று மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். அதில் உள்ள அம்புக்குறி ஃபர்னஸைப் பார்க்க வேண்டும்.

குளிரில் வெளியே நின்று பொரிக்க முடியாது. கராஜ் கதவைப் பாதி திறந்து வைத்து காஸ் அடுப்பில் பொரிக்கலாமா? கரி அடுப்பு? (ஏஜாக்ஸ்)

இரண்டும் வேண்டாம். கதவைப் பாதி திறந்தால் புகை வெளியே போகும் என்பது நம் கணக்கு. குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்று மேலே எழும்பி வெளியேறும்போது, கீழே கராஜ் பக்கத்திலிருந்து காற்றை உள்ளே இழுக்கும். காபன் மொனொக்சைடும் அதோடு சேர்ந்து வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. 2008இல் வூட்ஸ்டொக்கில் புகைபோக்கி அடைபட்டதால் நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பமே இறந்தது. ஒன்ராறியோவில் எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது அந்தக் குடும்பத்தின் பெயரால் வந்த சட்டத்தால்தான். படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் மட்டும் வைத்தால் போதும் என்றிருந்தது, 2026 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு தளத்துக்கும் வேண்டும் என்றாகியிருக்கிறது. கருவியின் பின்பக்கத்தில் காலாவதித் தேதி இருக்கும், கழற்றிப் பாருங்கள்.

பனி கொட்டிய பிறகு, வீட்டுப் பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபர்னஸின் வெள்ளைப் பைப்புகளைப் பனி அடைத்திருக்கிறதா என்றும் போய்ப் பாருங்கள். நடைபாதைப் பனியை வாரி அவற்றின் மேல் கொட்டாதீர்கள்.

கூரைப் பீலியை எப்போது துப்புரவாக்குவது? (மிசிசாகா)

கடைசி மேப்பிள் இலையும் விழுந்தபின், நவம்பர் நடுவில். அதற்கு முன் செய்தால் இரண்டு தடவை ஏற வேண்டும். பீலித் தண்ணீர் சுவரிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி விழட்டும்.

பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். தெர்மோஸ்டாட் மேலே வீட்டுக்காரரிடம். கேட்டால் கம்பளி போடச் சொல்கிறார். (ரொறன்ரோ)

ரொறன்ரோ மாநகர விதிப்படி குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை தர வேண்டும். இரண்டு மூன்று நாள் வெப்பமானியைப் படம் எடுத்து அனுப்பி மரியாதையாகக் கேளுங்கள். அப்போதும் சரிவராவிட்டால் மாநகரத்தின் 311 தொலைபேசி இலக்கத்தை அழையுங்கள். மின் ஹீட்டரை நீட்டிப்பு வயரில் பூட்டாதீர்கள்.

கறிவேப்பிலையை எப்போது உள்ளே எடுப்பது? (பிக்கரிங்)

வீட்டுப் பராமரிப்புக்குள் இதுவும் வந்துவிட்டது! இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போகத் தொடங்குமுன் எடுங்கள். உள்ளே கொண்டுவருமுன் இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், பூச்சி அங்கேதான் இருக்கும். தெற்கு யன்னல் ஓரம் வையுங்கள், சூட்டுக் காற்று வரும் துவாரத்துக்கு மேலே வேண்டாம். இலை கொட்டினால் பயந்து தண்ணீரை ஊற்றாதீர்கள்; குளிர்காலத்தில் செத்த கன்றுகளில் பலவும் வேர் அழுகிச் செத்தவை.

டிசம்பரில் ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம். ஹீட்டரை அணைத்துவிட்டுப் போகலாமா? (ஸ்காபரோ)

அணைக்கவே கூடாது. 16 பாகையில் விடுங்கள். தண்ணீர் வரும் மெயின் வால்வை மூடி, மேல்மாடியிலும் பேஸ்மென்டிலும் ஒவ்வொரு குழாயைத் திறந்து பைப்பில் உள்ள அழுத்தத்தை இறக்குங்கள். வீட்டுக் காப்புறுதி ஒப்பந்தத்தையும் எடுத்து வாசியுங்கள். குளிர்காலத்தில் சில நாட்களுக்கு மேல் வீடு பூட்டியிருந்தால் ஒருவர் வந்து பார்க்க வேண்டும், அல்லது தண்ணீரை நிறுத்தி வடித்திருக்க வேண்டும் என்று பலவற்றில் எழுதியிருக்கும். நான்கு நாள் என்று போட்டவையும் உண்டு. அதைச் செய்யாமல் பைப் வெடித்தால் பணம் கேட்பது சிரமம்.

தெர்மோஸ்டாட் பற்றரியில் ஓடுவதாக இருந்தால் போகுமுன் புதிதாக மாற்றுங்கள். அது செத்தால் ஃபர்னஸும் நின்றுவிடும். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுக்கும்போது மெயின் வால்வ் எங்கே இருக்கிறது என்றும் காட்டிவிட்டுப் போங்கள்.