10க்கு எத்தனை?

அன்புள்ள ஐயா,

டிப்ளமோ முடித்துவிட்டு ஒன்றரை வருடமாகக் கடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட், மைஎஸ்க்யூஎல் தெரியும் என்று ரெஸ்யூமில் போட்டிருக்கிறேன். நேர்காணலில் ஒவ்வொன்றிலும் 10க்கு எத்தனை என்று கேட்கிறார்கள், 7 என்கிறேன். அது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. என் திறமையை நானே எப்படி அளப்பது?

க., மன்னார்குடி

அன்புள்ள க.,

அந்த 7ஐ மறந்துவிடுங்கள். 10 என்பது எது என்று யாரும் வரையறுக்காதபோது 7க்கும் பொருள் கிடையாது. நீங்கள் செய்த ஒன்று உடைந்தால், காரணத்தை நீங்களே கண்டுபிடிக்கிறீர்களா? அதைத்தான் அளக்க வேண்டும்.

அதற்குச் சின்னதாக ஒன்றைக் கட்டுங்கள். நெல் அறுவடை மெஷினுக்கு முன்பதிவு செய்யும் பக்கம்: பெயர், ஊர், பரப்பு, மெஷின் எண், தேதி, அவ்வளவுதான். வீடியோ பார்த்துச் செய்யக்கூடாது. எம்டிஎன் என்ற வலைதளத்தில் உள்ள விளக்க ஆவணங்களைப் பார்க்கலாம், அதில் தவறே இல்லை. ஏஐ எழுதித் தந்த வரியை ஏன் அப்படி எழுதியிருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால் அதை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கட்டியதும் உடைக்கத் தொடங்குங்கள். சம்பா அறுவடையில் ஒரே நாளுக்குப் பலர் மெஷின் கேட்பார்கள். உங்கள் நிரல் முதலில் தேதி காலியா என்று உங்கள் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லைக் கேட்டு, பிறகு பதிவை எழுதும். அந்த இரண்டுக்கும் நடுவே 5 விநாடி இடைவெளி வைத்து, இரண்டு வேறு பிரவுசர்களில் ஒரே மெஷினுக்கு, ஒரே தேதிக்கு அடுத்தடுத்து பட்டனை அழுத்துங்கள். இரண்டு பதிவும் ஏறிவிட்டதா? முதல் ஆள் எழுதுவதற்குள் இரண்டாம் ஆளும் கேட்டுவிட்டார், இருவருக்கும் காலி என்றே பதில் போயிருக்கிறது. பட்டனை முடக்கி வைப்பதால் இது தீராது. மெஷின் எண்ணையும் தேதியையும் சேர்த்து யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே ஜோடி இரண்டாம் முறை ஏறாமல் டேட்டாபேஸே தடுக்கும் விதி) போட வேண்டும். அது தரும் பிழையைப் பிடித்து, "இந்த நாள் போய்விட்டது" என்று விவசாயிக்குச் சொல்ல வேண்டும். இதை யாரும் சொல்லாமல் நீங்களே எட்டினால் மைஎஸ்க்யூஎல் தெரியும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

அடுத்தது தேதி. மேட்டூரில் வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12ஐயே கொடுத்துப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்டில் ஆண்டு, மாதம், நாள் என்று தனித்தனியாகக் கொடுத்து தேதியை உருவாக்கி, டு ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங் (தேதியை எழுத்தாக்கும் கட்டளை) வழியாக மாற்றி, முதல் 10 எழுத்தை வெட்டிச் சேமித்தால் ஜூன் 11 என்று விழும். நம் நேரம் அந்தக் கட்டளை எடுத்துக்கொள்ளும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், நம் நள்ளிரவு அங்கே முந்தைய நாள் மாலை 6.30. (மாதம் 0இல் தொடங்குவதால் ஜூனுக்கு 5 கொடுக்க வேண்டும், இதில் தடுக்கி விழாதவர்கள் குறைவு.)

ஊர்ப் பெயர்க் கட்டத்தில் உச்சவரம்பை 10 எழுத்து என்று வைத்தால் உங்கள் ஊரே உள்ளே வராது. மன்னார்குடி கண்ணுக்கு 6 எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு 11. புள்ளியையும் துணைக்குறிகளையும் அது தனித்தனியாக எண்ணுகிறது.

பரப்பை நம் பக்கம் மாவில் (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) சொல்வார்கள். ஒரு மாவை 33 சென்ட் என்று மாற்றிச் சேமித்தால் 3 மா ஒரு ஏக்கர் ஆகாமல் 99 சென்ட்டில் நிற்கும். சொன்ன எண்ணையும் அலகையும் அப்படியே வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் மாற்றுங்கள். பிரவுசரை விட்டுவிட்டு, சர்வருக்கு நேரடியாகத் தகவல் அனுப்பும் கர்ல் என்ற கருவி வழியாக மைனஸ் பரப்பு ஒன்றை அனுப்புங்கள்; சர்வர் ஏற்றுக்கொண்டால் சரிபார்ப்பை பிரவுசரில் மட்டும் வைத்திருக்கிறீர்கள்.

ஒரு வாரம் கழித்து ஒரு மாற்றம் செய்யுங்கள்: ஒரே நாளில் காலை ஒருவர், மதியம் ஒருவர். எத்தனை ஃபைலைத் தொட வேண்டியிருந்தது என்று, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் பாருங்கள். நிறைய என்றால் அமைப்பில் கோளாறு.

இந்தச் சோதனைகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் நானாகச் செய்தது, ஆவணம் பார்த்துச் செய்தது, காரணமே பிடிபடாதது என்று குறித்து வையுங்கள். மூன்றாம் வகையில் டேட்டாபேஸ் அதிகம் வந்தால் புதிய ஃப்ரேம்வொர்க்கை ஒத்திவைத்துவிட்டு டிரான்சாக்‌ஷனும் இன்டெக்ஸும் படியுங்கள். அடுத்த நேர்காணலில் 10க்கு எத்தனை என்றால் எண் சொல்லாமல், இரட்டைப் பதிவை எப்படித் தடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.