ஜிம்னிக்குப் பெரிய டயர் தேவைதானா?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே எங்களுக்குத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. மாருதி ஜிம்னி ஜீட்டா வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதை சேறாகிவிடுகிறது. வாரத்தில் இரண்டு முறையாவது மேட்டுப்பாளையத்துக்கு இறங்கியாக வேண்டும். வண்டியோடு வந்த டயர்களைக் கழற்றிவிட்டு, 8 அங்குல அகலமும் மைனஸ் 20 ஆஃப்செட்டும் கொண்ட அலாய் ரிம்களில் 235/75 ஆர்15 மட் டெரெய்ன் டயர்களைப் போடும்படி கடைக்காரர் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் பரிந்துரை. இப்போதுள்ள 15 அங்குல இரும்பு ரிம்களை அப்படியே வைத்துக்கொண்டு, செலவழிக்க நினைக்கும் பணத்தை, தார்ச்சாலைக்கும் மண் பாதைக்கும் பொதுவான நல்ல ஆல் டெரெய்ன் டயர்களில் போடுங்கள்.

முதலில் அளவைப் பார்ப்போம். உங்கள் வண்டியின் டயர் 195/80 ஆர்15. அதாவது 195 மி.மீ. அகலம், அதில் 80 விழுக்காடு பக்கச்சுவரின் உயரம், 15 அங்குல ரிம். இதன் மொத்த விட்டம் 693 மி.மீ. கடைக்காரர் சொல்லும் டயரின் விட்டம் 733.5 மி.மீ.; ஏறத்தாழ 6 விழுக்காடு அதிகம். இதனால் வண்டியின் அடிப்பகுதி உயர்வது, விட்ட வேறுபாட்டில் பாதியான 20 மி.மீ. மட்டுமே. அதற்கு ஈடாக, எல்லா கியர்களும் அதே 6 விழுக்காடு நீண்டுவிட்டதைப் போல வண்டி நடந்துகொள்ளும். ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சினின் 134 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை வைத்துக்கொண்டு ஏற்றத்தில் இழுப்பது கடினமாகும் என்பதைப் பலரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடக் கவலை தருவது இறக்கம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் இறங்குகிறீர்கள். அங்கே பிரேக்கைக் காப்பாற்றுவது குறைந்த கியரில் எஞ்சின் தரும் தடைதான். டயர் பெரிதானால் அந்தத் தடை குறைகிறது; சக்கரத்தின் எடையும் கூடுவதால், முன்னே டிஸ்க்கும் பின்னே டிரம்மும் உள்ள அதே பிரேக்குகள் கூடுதலாக உழைத்துச் சூடேறுகின்றன. வேகமானியும் முன்பு காட்டியதைவிடக் குறைத்துக் காட்டும்.

அடுத்தது ரிம். ஜிம்னியின் ரிம் ஐந்தரை அங்குல அகலம் உடையது; 235/75 டயருக்கோ குறைந்தது 6 அங்குல அகலம் வேண்டும். அதனால்தான் கடைக்காரர் ரிம்மையும் மாற்றச் சொல்கிறார். ஆஃப்செட் என்பது, ரிம் வண்டியோடு பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்ற கணக்கு; மைனஸ் என்றால் சக்கரம் வெளிப்பக்கமாகத் தள்ளி நிற்கும். ஆனால் 8 அங்குல அகலமும் மைனஸ் 20 ஆஃப்செட்டும் சேர்ந்தால், ரிம்மின் வெளி விளிம்பு இப்போது இருப்பதைவிட ஐந்தரை சென்டிமீட்டருக்கு மேல் வெளியே வந்துவிடும். சக்கரம் வெளியே தள்ளத் தள்ள, சக்கரம் சுழல்வதற்கு ஆதாரமான ஹப் பேரிங்கின் மீதும், முன் அச்சில் சக்கரம் திரும்புவதற்கு ஆதாரமான கிங்பின் பேரிங்குகளின் மீதும் நெம்புவிசை கூடுகிறது. முன்னும் பின்னும் ஒரே தண்டாக அமைந்த அச்சுகளைக் கொண்ட ஜிம்னி போன்ற வண்டிகளில், குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் திடீரென உதறத் தொடங்குவதற்கு இத்தகைய மாற்றம் ஒரு முக்கியக் காரணம். இரும்பு ரிம்மை அழகில்லை என்று ஒதுக்க வேண்டாம்: கல்லில் மோதினால் அது பெரும்பாலும் வளையும், தட்டி நிமிர்த்தலாம், அலாய் விரிசல் விட்டால் பற்றவைத்து ஓட்டுவது ஆபத்து.

இனி டயரின் வகை. மட் டெரெய்ன் டயரில் பட்டன்கள் பெரிதாகவும் அவற்றுக்கிடையே இடைவெளி அகலமாகவும் இருக்கும். சேற்றை உதறித் தள்ளுவதற்கான அமைப்பு அது. ஆனால் நனைந்த தார்ச்சாலையில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு என்பதால், வடகிழக்குப் பருவமழையில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அதன் பிடிப்பை நம்ப முடியாது. உங்கள் பயணத்தில் பெரும்பகுதி அந்தச் சாலையில்தான். தோட்டத்துப் பாதைகளில் பெரும்பாலும் மேலே சேறும் அடியில் கெட்டியான சரளையும் இருக்கும். அங்கே குறுகலான டயர் சேற்றை வெட்டிக்கொண்டு அடித்தளத்தைப் பிடிக்கும், அகலமான டயரோ மேலே வழுக்கும். அடியே காணாத ஆழமான சேற்றிலும் மணலிலும்தான் அகலம் கைகொடுக்கும்.

ஆகவே 195/80 ஆர்15 அளவிலேயே ஆல் டெரெய்ன் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் 215/75 ஆர்15 பார்க்கலாம், விட்டம் 703.5 மி.மீ., அதாவது ஒன்றரை விழுக்காடே அதிகம், இருக்கும் ரிம்மிலும் பொருந்தும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. எனவே அளவை மாற்றுவதற்கு முன் நிறுவனச் சேவை மையத்திடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

வாங்கும்போது பக்கச்சுவரைப் படியுங்கள். பாரக் குறியீடு 96க்குக் குறையக் கூடாது. 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும். நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதியில் முதல் இரண்டு வாரத்தையும் பிந்தைய இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் ஒரே மாதிரியாக வாங்கி, முறை வைத்து இடம் மாற்றி ஓட்டுங்கள். முன் டயரும் பின் டயரும் சமமாகத் தேயாமல் விட்டம் வேறுபட்டால், நான்கு சக்கர இயக்கத்தில், எஞ்சினின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் வீணாக முறுக்கப்படும். காய்ந்த தார்ச்சாலையில் அந்த இயக்கத்தை அறவே தவிர்க்க வேண்டியதும் இதே காரணத்தால்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சில இடங்களில் வண்டி சிக்கினால், டயரை மாற்றுவதற்கு முன் காற்றைக் குறைத்துப் பாருங்கள். சேற்றில் இறங்கும் முன் 20 பிஎஸ்ஐ வரை குறைத்தால் டயர் படிந்து தரையை அதிகம் தொடும். அப்போது மெதுவாக ஓட்டுங்கள், ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடிக்காதீர்கள். தார்ச்சாலைக்கு ஏறும் முன், ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள அட்டையில் சொல்லப்பட்ட அளவுக்குக் காற்றை நிரப்பிவிட வேண்டும். அதற்கு 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.